அடுத்த மேஜையின் மொழி

கம்பத்திலிருந்து குமுளி போகும்போது, கூடலூர் தாண்டி, பஸ் மலையேறத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது லோயர் கேம்ப். மலைச்சரிவில் செங்குத்தாக இறங்கும் பெரிய குழாய்கள்தான் ஊரின் அடையாளம். முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் சுரங்கம் வழியாகத் தமிழ்நாட்டுப் பக்கம் வந்து, அந்தக் குழாய்களில் விழுந்து, கீழே மின்நிலையத்தின் டர்பைன்களைச் சுற்றிவிட்டு வயலுக்குப் போகிறது. நிலையத்தில் நான்கு இயந்திரங்கள். தொடக்கத்தில் ஒவ்வொன்றும் 35 மெகாவாட். 1950-களின் கடைசியில் ஓடத் தொடங்கிய நிலையம் அது. நான்காவது இயந்திரம் 1965-இல் வந்து சேர்ந்தது.

ஜெனரேட்டர் சுற்றத் தொடங்கியதுமே அதை மின்கம்பியில் இணைத்துவிட முடியாது. கம்பியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரம் நொடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. புதிதாகச் சேர்வதும் அதே வேகத்தில், அதே உயரத்துக்கு, அதே கணத்தில் ஏறி இறங்க வேண்டும். சிங்க்ரோஸ்கோப் என்று கடிகாரம் மாதிரி ஒரு கருவி உண்டு. அதன் முள் மெதுவாகச் சுற்றி, 12 மணி இருக்கும் இடத்துக்கு வரும்போதுதான் சுவிட்சைப் போடுவார்கள். அவசரப்பட்டால் இயந்திரத்தின் தண்டே முறுக்கிக்கொள்ளும்.

தாளம் ஒத்துப்போகாத இரண்டு அமைப்புகளைச் சேர்க்க இன்னொரு வழியும் இருக்கிறது. 2013 டிசம்பர் 31 வரை தென்னிந்திய மின்தொகுப்பு முழுவதும் தனித் தாளத்தில்தான் ஓடியது. வடக்கிலிருந்து வரும் மின்சாரத்தை நடுவில் ஓரிடத்தில் நேர்மின்சாரமாக மாற்றி, பிறகு தெற்கின் தாளத்துக்கு மறுபடி மாற்றிக் கொடுத்தார்கள். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருந்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆக, சேர்வதற்கு வழி இரண்டு. எல்லோரும் ஒரே தாளத்துக்கு ஒத்துக்கொள்வது ஒன்று. நடுவில் மொழிபெயர்ப்பாளரை வைப்பது இன்னொன்று. கம்ப்யூட்டர்களின் வரலாற்றிலும் இதே இரண்டுதான். இரண்டாவது வழியில் அந்த மொழிபெயர்ப்பாளருக்கு இலக்கணப் புத்தகமே கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

*

லோயர் கேம்ப்புக்கு மேலே மலையேறினால் குமுளி, கேரளம். அந்த மாநிலத்தின் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2000-களின் நடுவில் பள்ளிக் கணினி ஆய்வகங்களைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. டெபியனை அடிப்படையாக வைத்துத் தனக்கென்று ஒரு லினக்ஸையே செய்துகொண்டது. பின்னாளில் அந்தத் திட்டம் கைட் என்ற நிறுவனமாகி, உபுண்டுவை வைத்து அதே வேலையைத் தொடர்ந்தது. மலைக்கு மேலே அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் என்றால் லினக்ஸ்.

கீழே நம் பக்கம் கதை கொஞ்சம் குழப்பமானது. சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த ஆண்டுகளில், 2006-ஐ ஒட்டி, எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறிக் காட்டியது. பிறகு ஆட்கள் மாறினார்கள், வேகமும் மாறியது. 2011 செப்டம்பர் 15-இல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் வந்தபோது பெட்டிக்குள் இரண்டுமே இருந்தன. ஒரு பக்கம் விண்டோஸ், மறுபக்கம் சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸ். ஆன் செய்தால் எது வேண்டும் என்று கேட்கும். எனக்குத் தெரிந்த பிள்ளைகள் அந்தக் கேள்விக்கு ஒருமுறை பதில் சொன்னதோடு சரி, மறுபடி யோசித்ததில்லை.

இப்போது மலைக்கு மேலிருந்து ஒரு கம்ப்யூட்டரையும் கீழிருந்து ஒன்றையும் எடுத்து ஒரே மேஜையில் வைப்போம். நடுவில் ஒரு ஈதர்நெட் கேபிள். இரண்டுக்கும் முகவரி கொடுத்தாகிவிட்டது. பிங் அடித்தால் பதில் வருகிறது. ஆனால் நெட்வொர்க் ஐகானைத் திறந்தால் அடுத்த கம்ப்யூட்டர் இல்லவே இல்லை. கையை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கிறது, திரையில் காணோம்.

இந்த இடத்தில் நிறையப் பேர் கேபிளைப் பிடுங்கிச் சொருகுவார்கள். பாவம், கேபிள் ஒரு தப்பும் செய்யவில்லை. பிங் போகிறது என்றால் 50 ஹெர்ட்ஸ் விஷயம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். இணையத்தின் அடித்தளமான டி.சி.பி./ஐ.பி.-யை எல்லா இயங்குதளங்களும் பொதுத் தாளமாக ஒப்புக்கொண்டுவிட்டன. அதன் விதிகள் யாரும் படிக்கும்படி எழுதி வைக்கப்பட்டவை. சிக்கல் அதற்கு மேலே நடக்கும் பேச்சில் இருக்கிறது. "உன்னிடம் என்னென்ன ஃபோல்டர் இருக்கிறது? நான் யார் தெரியுமா? இந்த ஃபைலைத் திறக்கலாமா?" என்ற உரையாடலில்.

*

அந்த உரையாடலுக்குப் பெயர் எஸ்.எம்.பி. 1980-களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் என்பவர் உருவாக்கியது. முதலில் தன் பெயரின் முதலெழுத்துகளை வைத்து பி.ஏ.எஃப். என்றுதான் அழைத்தாராம், வெளியே வருவதற்குள் பெயர் மாறிவிட்டது. டாஸ் இயங்குதளம் சொந்த வட்டிடம் கேட்கும் கேள்விகளை அப்படியே கம்பி வழியாக அடுத்த கம்ப்யூட்டரின் வட்டிடம் கேட்க வைத்தால் என்ன என்பதே அவருடைய யோசனை. மைக்ரோசாஃப்ட் அதை எடுத்துக்கொண்டு வளர்த்தது. 1992-இல் வொர்க்குரூப்புக்கான விண்டோஸ், அப்புறம் விண்டோஸ் 95. டெஸ்க்டாப்பில் 'நெட்வொர்க் நெய்பர்ஹுட்' என்று ஒரு படம் வந்து உட்கார்ந்தது. அக்கம்பக்கம். எவ்வளவு அன்பான பெயர்!

அந்த அக்கம்பக்கத்தில் ஒருவரை ஒருவர் எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? கத்தித்தான். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் 15 எழுத்துக்குள் ஒரு பெயர். "கடை-2 யாருப்பா?" என்று ஒன்று கத்தும், அந்தப் பெயர்க்காரர் "நான்தான்" என்று பதில் சொல்வார். பஸ் ஸ்டாண்டில் ஊர்ப்பெயர் சொல்லிக் கூவுவது மாதிரிதான். அந்தக் கூச்சல் ரூட்டரைத் தாண்டிப் போகாது. அதனால்தான் எண் முகவரியைக் கொடுத்தால் திறக்கும் கம்ப்யூட்டர், பெயரைக் கொடுத்தால் திறக்காது.

பட்டியல் தயாரிப்பது இன்னும் வேடிக்கை. எல்லோரும் ஓயாமல் கத்திக்கொண்டிருக்க முடியாது என்பதால், யார் யார் இருக்கிறார்கள் என்று குறித்து வைக்க ஒரு கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுப்பார்கள். நிஜமாகவே தேர்தல்தான், ஆவணங்களிலேயே அதற்கு 'எலெக்‌ஷன்' என்றுதான் பெயர். விண்டோஸ் 95-க்கு மதிப்பெண் 1. என்.டி. வொர்க்ஸ்டேஷனுக்கு 16. என்.டி. சர்வருக்கு 32. அதிகம் வைத்திருப்பவர் தலைவர். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் 12 நிமிடத்துக்கு ஒருமுறை "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். மூன்று முறை சத்தம் இல்லாவிட்டால்தான் பெயரை அடிப்பார்கள். ஆக, பட்டென்று பிளக்கைப் பிடுங்கிய கம்ப்யூட்டர் 36 நிமிடம் வரை ஆவியாகப் பட்டியலில் உலாவும். தலைவரிடமிருந்து துணைத்தலைவர் 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான் பட்டியலை வாங்குவார். இரண்டையும் கூட்டினால் 51 நிமிடம்.

2000-களில் கம்பத்திலோ போடியிலோ பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தவர்கள் ஒரு வாக்கியத்தைக் கேட்டிருப்பார்கள்: "ஒரு டீ குடிச்சிட்டு வாங்க தம்பி, அதுவா வந்துரும்." நாம் சிரித்திருப்போம். ஆனால் தொழில்நுட்ப ரீதியாக அது மிகச் சரியான அறிவுரை. டீ குடித்து, பேப்பர் படித்து, திரும்பி வருவதற்குள் தேர்தல் முடிந்து புதுப் பட்டியல் வந்திருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் விண்டோஸ் விண்டோஸோடு பேசிய கதை. உள்ளூர்க்காரர்களுக்கு நடுவிலேயே இவ்வளவு என்றால், வெளியூர்க்காரர் வந்தால்?

*

1991 டிசம்பர், ஆஸ்திரேலியாவின் கான்பெரா. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்லுக்கு ஒரு சின்ன எரிச்சல். டிஜிட்டல் நிறுவனத்தின் ஒரு மென்பொருளை அவர் தன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்க விரும்பினார். அதற்கு அதே நிறுவனத்தின் பாத்வொர்க்ஸ் என்ற நெட்வொர்க் மென்பொருளை நிறுவ வேண்டும். நிறுவினால், யூனிக்ஸ் சர்வரில் இருக்கும் அவருடைய கோப்புகள் கைக்கு எட்டாமல் போகும். சரி, பாத்வொர்க்ஸ் புரிந்துகொள்ளும் பாஷையில் யூனிக்ஸ் சர்வரையே பேச வைத்துவிடலாம் என்று விடுமுறையில் உட்கார்ந்துவிட்டார். அது எஸ்.எம்.பி. என்பதே அவருக்கு அப்போது தெரியாது. இலக்கணப் புத்தகம் கையில் இல்லை. கம்பியில் போய் வரும் பொட்டலங்களைப் பிடித்துப் பார்த்தார். இது கேட்டால் அது வருகிறது, அது போனால் இது திறக்கிறது. 1992 ஜனவரியில் முதல் வடிவத்தை வெளியிட்டார். அப்புறம் கிட்டத்தட்ட இரண்டு வருடம் அதைப் பரணில் போட்டுவிட்டார். மனைவியின் விண்டோஸ் கம்ப்யூட்டரையும் தன் லினக்ஸையும் வீட்டில் இணைக்க நினைத்த ஒரு நாள், பழைய நிரலை எடுத்து ஓட்டினால் அது பாட்டுக்கு ஓடியது. உலகம் முழுக்க ஓடும் விண்டோஸின் மொழியைத்தான் தான் கற்றிருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

இந்த முறைக்குப் பின்னாளில் அவரே ஒரு பெயர் வைத்தார்: பிரெஞ்சு காபிக்கடை முறை. மொழி தெரியாத ஊரில் காபிக்கடையில் உட்கார்ந்து கவனிப்பது. பக்கத்து மேஜைக்காரர் ஒரு சத்தம் எழுப்புகிறார், சர்வர் காபி கொண்டு வருகிறார். அந்தச் சத்தத்தைக் குறித்துக்கொள். நீயும் எழுப்பிப் பார். காபி வருகிறதா, அடி வருகிறதா?

நம் பள்ளத்தாக்கில் இதற்கு பாரிஸ் வரை போக வேண்டியதில்லை. குமுளி டீக்கடையில் மலையாளம் கற்றுக்கொண்ட ஒவ்வொரு லாரி டிரைவரும் ஏலக்காய் வியாபாரியும் இப்படித்தான் கற்றார்கள். அவர்களுக்கு ட்ரிட்ஜெல்லைவிட நன்றாகத் தெரிந்த ஒன்று உண்டு. முழுக்க அந்நியமான சொல் ஆபத்தில்லாதது. கூடப்பிறந்த சொல்தான் ஏமாற்றும். 'வெள்ளம்' என்று மலையாளத்தில் கேட்டால் ஒரு தம்ளர் தண்ணீர் வரும். அதே சொல் தமிழில் ஊரை அடித்துக்கொண்டு போகும். கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். 'ஃபைல்' என்று இரண்டும் சொல்கின்றன. ஆனால் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கும் பெயரும் சிறிய எழுத்தில் தொடங்கும் அதே பெயரும் விண்டோஸுக்கு ஒரே ஃபைல், லினக்ஸுக்கு இரண்டு. 'அனுமதி' என்று இரண்டும் சொல்கின்றன. ஒன்றின் அனுமதி நீண்ட பட்டியல், மற்றதில் உரிமையாளர், குழு, ஊரார் என்று மூன்றே வரிசை. இணைப்பே வராத பிரச்சினையைவிட இணைப்பு வந்து அர்த்தம் மாறிப்போகும் பிரச்சினையைக் கண்டுபிடிக்கத்தான் நாளாகும்.

ட்ரிட்ஜெல்லின் நிரலுக்கு முதலில் எஸ்.எம்.பி. சர்வர் என்று பெயர். அந்தப் பெயர் ஏற்கெனவே தங்களுடையது என்று ஒரு நிறுவனம் கடிதம் எழுதியது. அவர் கம்ப்யூட்டரின் சொல்லகராதிக் கோப்பில் எஸ், எம், பி என்ற மூன்று எழுத்தும் வரிசையில் வரும் சொற்களைத் தேடச் சொன்னார். பட்டியலில் ஒரு காட்டுப்பழத்தின் பெயரும் மர வியாபாரச் சொல் ஒன்றும் வந்தன. கூடவே ஒரு பிரேசில் நடனம்: சம்பா. அதை எடுத்துக்கொண்டார். நெல் விளையும் ஊர்க்காரருக்கு இதைவிட நல்ல பெயர் அமைந்திருக்காது.

முன்பு சொன்ன தேர்தலிலும் சம்பா நின்றது. அதற்கு இயல்பாகக் கொடுக்கப்பட்ட மதிப்பெண் 20. சாதாரண விண்டோஸ்களை ஜெயிக்க வேண்டும், சர்வர் விண்டோஸுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்த எண். ஒன்றுக்குப் பல சம்பாக்கள் இருக்கும் ஆய்வகத்தில் பட்டியல் ஏன் நிலையில்லாமல் ஆடியது என்பதற்கு இந்த எண்ணைப் போய்ப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும்.

*

எழுதப்படாத மொழியை ஒட்டுக்கேட்டுக் கற்றவனுக்கு ஒரு பயம் எப்போதும் இருக்கும்: வீட்டுக்காரர் நாளைக்கே உச்சரிப்பை மாற்றலாம். மாற்றினார்கள். பலமுறை.

1997-இல் விண்டோஸ் என்.டி. 4-இன் மூன்றாவது சர்வீஸ் பேக், கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்பும் சர்வர்களோடு பேச மாட்டேன் என்றது. நியாயமான முடிவு, வெறும் கடவுச்சொல்லைக் கம்பியில் அனுப்புவது பைத்தியக்காரத்தனம். ஆனால் நேற்றுவரை ஓடிய சம்பா சர்வர்கள் ஒரே ராத்திரியில் ஊமையாயின. விண்டோஸ் பதிவேட்டில் ஒரு வரியை மாற்றும் குட்டிக் கோப்பை சம்பா குழுவே தாயத்து மாதிரி கொடுத்தது. முறைப்படி செய்வதென்றால் மறைகுறியிட்ட கடவுச்சொல்லை சம்பா பக்கம் தனியாக உருவாக்க வேண்டும். இன்றுவரை லினக்ஸ் கடவுச்சொல்லும் சம்பா கடவுச்சொல்லும் தனித்தனியாக இருப்பது இதனால்தான். லினக்ஸில் கணக்கு இருக்கிறதே, ஏன் உள்ளே விடமாட்டேன் என்கிறது என்று குழம்பும் பலர், அந்த இரண்டாவது கடவுச்சொல் என்ற ஒன்று இருப்பதையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

எக்ஸ்.பி.யில் இன்னொரு குறும்பு. புரொஃபெஷனல் பதிப்பு போட்டால் குழுவின் பெயர் 'வொர்க்குரூப்'. ஹோம் பதிப்பு போட்டால் 'எம்.எஸ்.ஹோம்'. ஒரே கடையில் ஒரே ஆள் நிறுவிய இரண்டு எக்ஸ்.பி.கள் ஒன்றை ஒன்று பார்க்காமல் உட்கார்ந்திருக்கும். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் புழு ஊரைக் கலக்கியது. அடுத்த ஆகஸ்டில் வந்த இரண்டாவது சர்வீஸ் பேக் ஃபயர்வாலைத் தானாகவே போட்டுவிட்டது. அதுவரை எல்லோரும் நம்பிய பிங்கே நின்றது. 2007-இல் விஸ்டா வந்து, பழைய முறைக் கடவுச்சொல் பேச்சையும் கைவிட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பாதுகாப்பு என்ற காரணம் இருந்தது, அது பொய்யும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் வெளியே நிற்பவர்தான் மழையில் நனைந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கதவை மாற்றுபவரிடமே சாவி செய்யும் வேலையும் இருந்தால் அப்படித்தான் ஆகும்.

இதெல்லாம் வெறும் சௌகரியப் பிரச்சினை மாதிரி தோன்றலாம். கொஞ்சம் யோசித்தால் அப்படி இல்லை. ஒரு அலுவலகத்தில் சர்வர் எந்த நிறுவனத்துடையது என்பதை இந்த உரையாடல்தான் தீர்மானித்தது. மேஜையில் இருப்பது விண்டோஸ். அது தன் ஆட்களோடு மட்டும் சரளமாகப் பேசும், மற்றவர்களிடம் திக்கும். அப்படியானால் சர்வரையும் அங்கேயே வாங்கு. சிக்கல் வந்தபோதெல்லாம் "எல்லாத்தையும் ஒரே கம்பெனியா போட்டுருங்க சார், பிரச்சினையே வராது" என்று சொன்ன டெக்னீஷியன் வில்லன் இல்லை. அவர் கையில் இருந்த ஒரே மருந்து அதுதான்.

*

1998 டிசம்பரில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஐரோப்பிய ஆணையத்திடம் ஒரு புகார் கொடுத்தது. விண்டோஸோடு எங்கள் சர்வர்கள் பேசத் தேவையான விவரத்தை மைக்ரோசாஃப்ட் தர மறுக்கிறது என்பது புகாரின் சாரம். ஆணையம் ஐந்து வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு, 2004 மார்ச் 24-இல் தீர்ப்புச் சொன்னது: 49.7 கோடி யூரோ அபராதம், கூடவே அந்த உரையாடலின் விதிகளை எழுதிக் கொடுக்க வேண்டும். பத்திரிகைகள் அபராதத் தொகையைத்தான் பெரிய எழுத்தில் போட்டன. எனக்கு அதில் பெரிய விஷயம் இரண்டாவது பாதி.

மேல்முறையீடு நடக்கும்போதே பெரிய ஆட்கள் ஒவ்வொருவராகச் சமரசம் செய்துகொண்டு எழுந்துபோனார்கள். புகார் கொடுத்த சன் நிறுவனமே 2004 ஏப்ரலில் பெரிய தொகைக்கு ஒத்துப்போனது. நோவல் அதே நவம்பரில். கடைசிவரை உட்கார்ந்திருந்தவர்களில் ஐரோப்பிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் சம்பா குழுவும் உண்டு. அவர்களுக்கு வாங்கிக்கொண்டு போகப் பணம் தேவைப்படவில்லை, காகிதம்தான் தேவைப்பட்டது. 2007 செப்டம்பர் 17-இல் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் நின்றது. அந்த டிசம்பரில், ஒரே ஒருமுறை 10,000 யூரோ கட்டி, ஆவணங்கள் சம்பா குழுவின் கைக்கு வந்தன. 2008 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் 30,000 பக்கம் போல ஆவணங்களை எல்லோரும் பார்க்கும்படி இணையத்திலேயே போட்டுவிட்டது. 2011-இல் அதே நிறுவனத்திலிருந்து சம்பாவுக்கு நிரலே நன்கொடையாக வந்தது. 2012 டிசம்பரில் வெளியான சம்பா 4, விண்டோஸ் அலுவலகங்களின் மையமான ஆக்டிவ் டைரக்டரியையே நடத்தும் அளவுக்கு வளர்ந்திருந்தது.

எழுதிய காகிதம் எவ்வளவு முக்கியம் என்று இந்தப் பள்ளத்தாக்குக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூரும் சென்னை மாகாணமும் கையெழுத்திட்ட 999 ஆண்டுக் குத்தகை. 1970 மே 29-இல் இரண்டு துணை ஒப்பந்தங்கள்: ஏக்கருக்கு 5 ரூபாயாக இருந்த வாடகையை 30 ரூபாயாக்க ஒன்று, அதே தண்ணீரில் லோயர் கேம்ப்பில் மின்சாரம் எடுக்க இன்னொன்று. அந்தக் காகிதங்கள் நியாயமா என்று இரண்டு மாநிலமும் நீதிமன்றம் நீதிமன்றமாக வாதாடியிருக்கின்றன. வாதாட ஒரு வரி இருக்கிறது, காற்புள்ளி எங்கே என்று காட்ட முடிகிறது. எஸ்.எம்.பி.யில் கால் நூற்றாண்டுக்கு அந்த வசதி இல்லை. ஒப்பந்தம் ஒருவர் மனதுக்குள் இருந்தது. மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்து ஊகித்தார்கள்.

*

2017 மே 12. வான்னாக்ரை என்ற வைரஸ் ஒரே நாளில் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அது பரவிய வழி எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை. அமெரிக்க உளவு அமைப்பு தனக்கென்று வைத்திருந்து, கசிந்துபோன ஆயுதம் அது. அந்த அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவினால் பழைய எஸ்.எம்.பி. வராது. அதோடு தேர்தல், தலைவர், 12 நிமிடக் கணக்கு எல்லாம் போய்விட்டன. அக்கம்பக்கம் என்ற அந்தப் பட்டியல் காலியானது.

இன்று உங்கள் விண்டோஸில் லினக்ஸ் கம்ப்யூட்டர் தெரியாமல் இருந்தால், பெரும்பாலும் இதுதான் சங்கதி. பட்டியலில் பெயர் இல்லையே தவிர, ஆள் வீட்டில்தான் இருக்கிறார். முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக்கோடு போட்டு அதன் எண் முகவரியைத் தட்டினால் திறந்துவிடும். பெயரும் தெரிய வேண்டும் என்றால், விண்டோஸ் இப்போது பயன்படுத்தும் புதிய கண்டுபிடிப்பு முறையில் லினக்ஸை அறிவிக்கச் செய்யும் ஒரு குட்டி நிரலை ஓட்ட வேண்டும். பழைய எஸ்.எம்.பி.யை மறுபடி ஆன் செய்யுங்கள் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் பதிப்பு ஒரு படி மேலே போய், ஒவ்வொரு பொட்டலத்திலும் கையெழுத்து கேட்கிறது. கடவுச்சொல்லே கேட்காத பழைய ரூட்டர் வட்டுகள் அதோடு பேச முடியாமல் நிற்கின்றன. பகிர்வுக்கு ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வைத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

சின்னச் சின்ன மனத்தாங்கல்களும் உண்டு. இரண்டு இயங்குதள மடிக்கணினி வைத்திருந்தவர்கள் கடிகாரம் தானாக ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போவதைப் பார்த்திருக்கலாம். மதர்போர்டில் இருக்கும் கடிகாரம் உள்ளூர் நேரம் காட்டுகிறது என்று விண்டோஸ் நினைக்கும். கிரீன்விச் நேரம் காட்டுகிறது என்று லினக்ஸ் நினைக்கும். ஒரு பெட்டிக்குள் இரண்டு ஊர். அலுவலக நெட்வொர்க்கில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நேரம் பிசகினாலே உள்ளே விடமாட்டார்கள் என்பதால் இது வேடிக்கையோடு நிற்பதில்லை. லினக்ஸில் எழுதிய உரைக்கோப்பு விண்டோஸ் நோட்பேடில் பத்தியே இல்லாமல் ஒரே வரியாக ஓடியதும் இப்படித்தான். வரி முடிந்ததைக் குறிக்க ஒன்றுக்கு ஒரு குறி போதும், மற்றதற்கு இரண்டு வேண்டும். டைப்ரைட்டர் வண்டியை இழுத்துவிட்டு, தாளை ஒரு வரி ஏற்றிய காலத்தின் மிச்சம். நோட்பேடுக்கு இதைக் கற்றுக்கொடுக்க 2018 ஆனது.

*

நம் எழுத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. மேலே சொன்ன எதையும்விட என்னை அதிகம் படுத்தியது அதுதான்.

ரொம்ப நாள் தமிழில் கோப்புக்குப் பெயர் வைக்கவே முடியாது. உள்ளே தமிழ், வெளியே தங்கிலீஷ். விண்டோஸ் 2000-இல் யூனிகோடு தமிழ் வந்தது. 2003 செப்டம்பரில் வந்த சம்பா 3, கம்பியிலும் யூனிகோடு பேசத் தொடங்கியது. அதற்கு முன்பு தமிழ்ப் பெயர் வைத்த கோப்பு அடுத்த கம்ப்யூட்டரில் கேள்விக்குறிகளின் ஊர்வலமாகத்தான் போய்ச் சேரும். சரி, யூனிகோடு வந்ததும் எல்லோருக்கும் ஒரே தாளம், பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தோம்.

'லோயர் கேம்ப்' என்று ஒரு ஃபோல்டருக்குப் பெயர் வையுங்கள். இலக்கணப்படி ஆறு எழுத்து: லோ, ய, ர், கே, ம், ப். யூனிகோட்டில், நடுவிலுள்ள இடைவெளியையும் சேர்த்து, 12 குறிகள். ஓகாரத் துணைக்குறி அங்கே ஒரே குறி. ஆனால் யூனிகோடு இன்னொன்றையும் அனுமதிக்கிறது. 'லோ'வில் ஓகாரம் கண்ணுக்கு இரட்டைக்கொம்பாகவும் காலாகவும்தானே தெரிகிறது? அதனால் ஏகாரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். அப்போது 13. திரையில் இரண்டும் அச்சாக ஒன்றே. யூனிகோடு விதிப்படியும் இரண்டும் ஒன்றே.

லினக்ஸும் விண்டோஸும் நீங்கள் தட்டியதை அப்படியே சேமிக்கும், பொதுவாக அது 12. ஆப்பிள் 1998 முதல் பயன்படுத்திய எச்.எஃப்.எஸ். பிளஸ் என்ற வட்டு அமைப்போ பெயர்களைப் பிரித்துத்தான் வைக்கும், 13. எஸ்.எம்.பி. வழியாகப் போனால் மேக் பெரும்பாலும் பெயரை மறுபடி சேர்த்து அனுப்பிவிடும். ஜிப் செய்தோ, ஆர்சிங்க் வழியாகவோ லினக்ஸ் வட்டுக்குப் போகும்போது பிரிந்த பெயரே போய்ச் சேர்கிறது. லினக்ஸ் வெறும் பைட்டுகளைத்தான் பார்க்கும். ஒன்று 34 பைட், இன்னொன்று 37. அதன் கண்ணுக்கு இவை வேறு வேறு பெயர்கள். ஒரே இடத்தில் 'லோயர் கேம்ப்' என்று இரண்டு ஃபோல்டர்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. பேக்கப் எடுத்தால் எல்லாமே இரண்டு முறை போகும்.

ஆங்கிலத்தில் மட்டும் பெயர் வைப்பவர்களுக்கு இது வாழ்நாளில் வராது. தேனி, கம்பம், கூடலூர் என்ற பெயர்களுக்கும் வராது. போடிக்கு வரும். கோம்பைக்கு வரும். ஒகரமும் ஓகாரமும் ஔகாரமும் ஏறிய எல்லா மெய்க்கும் வரும். தனி 'ஔ'வுக்கும் வரும், ஔவையாரே தப்பவில்லை.

ஆர்சிங்க்கை எழுதியவரும் அதே ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்தான், 1996-இல், பால் மெக்கராஸோடு சேர்ந்து. 2008-இல் வந்த அதன் மூன்றாவது பதிப்பில் ஐகான்வ் என்ற ஒரு விருப்பம் சேர்ந்தது. மேக் பக்கத்துப் பெயர் எந்த வடிவில் இருக்கிறது, லினக்ஸ் பக்கம் எந்த வடிவில் வேண்டும் என்று சொல்லிவிட்டால் வழியிலேயே மாற்றிக் கொடுத்துவிடும். ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்ட பெயர்களை ஒட்டவைக்க கன்வ்எம்வி என்று ஒரு சின்ன நிரல் லினக்ஸில் கிடைக்கும். ஓட்டும் முன் நகலெடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் இரண்டு இருந்தால் எதை வைத்துக்கொள்வது என்று அதற்குத் தெரியாது, நீங்கள்தான் உள்ளே திறந்து பார்த்துச் சொல்ல வேண்டும். 2017-க்குப் பிந்தைய மேக்குகள் புதிய வட்டு அமைப்புக்கு மாறி, நீங்கள் எழுதிய வடிவத்தையே காப்பாற்றுகின்றன. பழைய ஹார்ட் டிஸ்க்குகளில் 13 குறி வடிவங்கள் அப்படியே இருக்கின்றன.